லாக்அவுட் ஆன பிறகும் முந்தைய ஆளின் பில் தெரிகிறது: ப்ரவுசர் கேஷா, வேறு ஏதாவதா?

வராண்டா | செவ்வாய், இரவு 9:42

வணக்கம். ஒரு கல்லூரி விடுதிக்கு மெஸ் பில் பார்க்கும் தளம் செய்து கொடுத்திருக்கிறேன். பக்கங்களைத் தயாரிப்பது பிஎச்பி நிரல், அதற்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ், ஒரே ஒரு சின்ன சர்வர். மாணவர்கள் 800 பேர் சொச்சம். ஐந்து மாதம் ஒரு புகாரும் இல்லை. போன மாதம் பில் வெளியிட்ட அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்ததில் சர்வர் படுத்துவிட்டது. அதனால் வேகத்துக்காகச் சில மாற்றங்கள் செய்தேன். இந்த மாதம் தலைவலி ஆரம்பம்.

லாக்இன் செய்த பிறகும் முகப்பில் "உள்நுழைக" பொத்தானே நிற்கிறது. ரெஃப்ரெஷ் செய்தால் பெயர் வருகிறது. சிலர் "என் பில்" அழுத்தினால் திரும்பத் திரும்ப லாக்இன் பக்கத்துக்கே போகிறது. லேப் கணினியில் ஒருவர் லாக்அவுட் செய்துவிட்டு எழுந்து போகிறார், அடுத்து உட்காரும் பையன் பேக் பட்டனை அழுத்தினால் முந்தையவரின் பில் அப்படியே விரிகிறது. நேற்று ஒரு பையன் தன் சொந்த ஃபோனையே கொண்டுவந்து காட்டினான். மூலையில் "வணக்கம்" என்று வேறொருவன் பெயர்.

லேப் சுவரில் "பக்கம் தவறாக வந்தால் கன்ட்ரோல் + எஃப்5 அழுத்தவும்" என்று நோட்டீஸே ஒட்டிவிட்டார்கள். என் கணினியில் எஃப்12 அடித்துத் திறந்து வைத்துப் பார்த்தால் முகப்பில் ஒரு குறையும் இல்லை. மூடினால் மறுபடி வருகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது. ப்ரவுசர் கேஷை, அதாவது பார்த்த பக்கத்தை அது சேமித்து வைத்து மறுபடி காட்டுவதை, ஒரேயடியாக அணைக்க வழி உண்டா?

கடைசிபெஞ்ச் | செவ்வாய், இரவு 9:51

எல்லாப் பக்கத்துக்கும் நோ-ஸ்டோர் (சேமிக்காதே என்று ப்ரவுசருக்குச் சொல்லும் குறிப்பு) போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

கயல்87 | செவ்வாய், இரவு 10:05

பேய் எல்லாம் இல்லை தம்பி. எஃப்12 பலகையில் நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள், "டிசேபிள் கேஷ்" என்ற கட்டத்தில் டிக் இருக்கும். எப்போதோ நீங்களே போட்டிருப்பீர்கள். அந்தப் பலகை திறந்திருக்கும் வரை மட்டும் அது வேலை செய்யும். அதனால்தான் நீங்கள் பார்க்கும்போது ஒழுங்காக இருக்கிறது, மூடியதும் பழையபடி ஆகிறது. டிக்கை எடுத்துவிட்டுத் தேடுங்கள். கேஷ் பிழையைத் தேடுகிறவர்கள் பாதிப் பேர் இந்த டிக்கோடுதான் தேடுகிறார்கள்.

நீங்கள் சொன்ன நான்கும் ஒரே பிழை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒற்றைப்புள்ளி | செவ்வாய், இரவு 10:11

விவாதம் சூடாவதற்கு முன் ஒரு விண்ணப்பம். "கேஷ்" என்று எழுதினால் புதிதாக வருகிறவர்கள் காசு என்று படிக்கிறார்கள். தேக்ககம் என்று எழுதலாமே?

கடைசிபெஞ்ச் | செவ்வாய், இரவு 10:13

மெஸ் பில் தளத்தில் தேக்ககம் என்றால் தண்ணீர்த் தொட்டி என்று நினைப்பார்கள் ஐயா.

பழையசர்வர் | செவ்வாய், இரவு 10:40

வராண்டா, முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். அதே கணினியில் முந்தைய ஆளின் பக்கம் வந்தால் ப்ரவுசர் மேல் சந்தேகப்படலாம். வேறொரு கணினியில், வேறொரு ஃபோனில் வந்தால் ப்ரவுசருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஒருவருடைய ப்ரவுசர் இன்னொருவருடைய ஃபோனுக்குள் எட்டிப் பார்க்காது. நடுவில் எங்கேயோ பொதுவாக ஓர் இடத்தில் பக்கம் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம்.

சொந்த ஃபோனில் பெயர் மாறி வந்ததைக் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. மற்ற மூன்றும் எரிச்சல், இது விபத்து.

அந்த "வேகத்துக்காகச் சில மாற்றங்கள்" என்ன? என்ஜின்எக்ஸ் கன்ஃபிக்கை அப்படியே போடுங்கள். கூடவே கர்ல் கட்டளையால், குக்கீ (ஆளை அடையாளம் காட்ட ப்ரவுசர் வைத்திருக்கும் சீட்டு) எதுவும் அனுப்பாமல், முகப்புப் பக்கத்தின் ஹெடர்களை, அதாவது பக்கத்தோடு சர்வர் அனுப்பும் குறிப்பு வரிகளை, இரண்டு முறை எடுத்து ஒட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள்.

நெல்லை_டெவ் | செவ்வாய், இரவு 11:02

லாக்இன் பக்கத்துக்கே திரும்பத் திரும்பப் போவது பற்றி மட்டும். நான் ஒரு தடவை முகப்பிலிருந்து லாக்இன் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் போட்டு மாட்டிக்கொண்டேன். 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று பொருள். ப்ரவுசர் அதை நம்பி நினைவில் வைத்துக்கொள்ளும். லாக்இன் முடிந்து முகப்புக்கு அனுப்பினால், சர்வரைக் கேட்காமலேயே "அதுதான் மாறிவிட்டதே" என்று லாக்இன் பக்கத்துக்கே திருப்பும். சர்வர் லாகில் அந்தக் கோரிக்கை வந்த சுவடே இருக்காது. இரண்டு நாள் லாகையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுடையது 301ஆ, தற்காலிக மாற்றம் என்று சொல்லும் 302ஆ?

வராண்டா | புதன், காலை 7:20

கயல் அக்கா சொன்னது சரி, டிக் இருந்தது. எடுத்ததும் என் கணினியிலேயே முகப்புப் பிழை வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாகப் பிழையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

நெல்லை, நான் போட்டிருப்பது 302தான். அதனால் அது இல்லை.

கன்ஃபிக்கில் செய்த மாற்றங்கள் இரண்டு. ஒரு வலைப்பதிவில் பார்த்து அப்படியே எடுத்தேன். ஆங்கிலத்தில் இருப்பதை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், குழு விதி. சர்வர் பகுதியின் தலையில் "எக்ஸ்பயர்ஸ் 1எச்". படங்களும் சிஎஸ்எஸ்ஸும் ஒரு மணி நேரம் தேங்கட்டும் என்று போட்டது. அப்புறம் முகப்புக்கு மட்டும் "ஃபாஸ்ட்சிஜிஐ கேஷ்", அதாவது பிஎச்பி தந்த பக்கத்தை என்ஜின்எக்ஸே தேக்கி எல்லோருக்கும் கொடுப்பது, 10 நிமிடம். முதலில் அது தேங்கவே இல்லை. "ஃபாஸ்ட்சிஜிஐ இக்னோர் ஹெடர்ஸ்" என்று போட்டு கேஷ்-கன்ட்ரோல், எக்ஸ்பயர்ஸ், செட்-குக்கீ மூன்றையும் கொடுத்தால் தேங்கும் என்று அதே பதிவின் கீழே ஒருவர் எழுதியிருந்தார். போட்டேன், வேகம் பறந்தது.

பில் பக்கத்தை நான் சர்வரில் தேக்கவில்லை. முகப்பில் பெயரைத் தவிர ரகசியம் எதுவும் கிடையாது. உணவுப் பட்டியல், அறிவிப்பு, அவ்வளவுதான்.

கர்ல் முடிவு இரண்டு தடவையும் ஒன்றுதான். கேஷ்-கன்ட்ரோல்: மேக்ஸ்-ஏஜ்=3600. கீழே செட்-குக்கீ: பிஎச்பிசெஸ்ஐடி, அதன் எண் 7ஆ4க... என்று நீளமாகப் போகிறது. முழுதாக ஒட்டவில்லை.

பழையசர்வர் | புதன், காலை 7:48

முழுதாக ஒட்டாதது நல்லது. ஒரே ஒரு கேள்வி. வந்திருப்பவர் யார் என்று சர்வர் அடையாளம் காண்பது அந்த செஷன் எண்ணை வைத்துத்தான்; இரண்டு முறையும் அது வேறு வேறா, ஒன்றேதானா?

வராண்டா | புதன், காலை 7:55

ஒன்றேதான். ஏன்?

பழையசர்வர் | புதன், காலை 8:31

உடனே செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன், காரணம் பிறகு. என்ஜின்எக்ஸில் ஃபாஸ்ட்சிஜிஐ கேஷ் வரிகளை எடுத்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். தேங்கிய கோப்புகள் இருக்கும் அடைவைக் காலி செய்யுங்கள். சர்வரில் இருக்கும் பிஎச்பி செஷன் கோப்புகள் அத்தனையையும் அழியுங்கள். எல்லோரும் ஒரு தடவை லாக்அவுட் ஆவார்கள், ஆகட்டும். செய்துவிட்டு இதைப் படியுங்கள்.

நீங்கள் தேக்கிவைத்தது முகப்புப் பக்கத்தை மட்டும் அல்ல. அதனோடு போன செட்-குக்கீ வரியையும் சேர்த்து. என்ஜின்எக்ஸ் இயல்பாக, செட்-குக்கீ உள்ள பதிலைத் தேக்காது. காரணத்தோடுதான் அப்படி எழுதியிருக்கிறார்கள். அந்தக் காவல்காரனை நீங்கள் "கண்டுகொள்ளாதே" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டீர்கள்.

இனி காலை எட்டு மணிக்கு லேப் திறக்கிறது என்று வையுங்கள். முதல் பையன், குக்கீ இல்லாத புது ப்ரவுசர், முகப்பைத் திறக்கிறான். பிஎச்பி அவனுக்கு ஒரு செஷன் எண் கொடுக்கிறது. அந்தப் பதில் பத்து நிமிடத்துக்குத் தேங்குகிறது. அடுத்த பத்து நிமிடத்தில் முகப்பைத் திறக்கும் அத்தனை பேருக்கும், லேபிலோ ஃபோனிலோ, அதே எண் போகிறது. ஏற்கெனவே தன் எண்ணோடு வந்தவனுக்கும் அவனுடையது அழிந்து இது ஏறிக்கொள்கிறது. இதுவரை யாரும் லாக்இன் செய்யவில்லை, அதனால் ஒன்றும் தெரியாது. இப்போது அவர்களில் ஒருவன் லாக்இன் செய்கிறான். சர்வர் பார்வையில் 7ஆ4க என்ற எண் அவனுடையது ஆகிவிட்டது. அந்த எண்ணைக் கையில் வைத்திருக்கும் மற்ற முப்பது பேரும் கடவுச்சொல்லே அடிக்காமல் அவனாகிவிட்டார்கள். "என் பில்" அழுத்தினால் அவன் பில். இன்னொருவன் லாக்இன் செய்தால் முப்பது பேரும் இவனாக மாறுவார்கள்.

ஒரே சாவியில் முப்பது நகல் எடுத்து வாசலில் வைத்துக் கொடுத்த மாதிரி. பில் பக்கத்தை நீங்கள் தேக்கவில்லை என்பது உண்மை, ஆனால் தேக்க வேண்டிய தேவையே இல்லை.

இதில் இன்னொரு வகையும் கலந்திருக்கும். பத்து நிமிடம் முடிந்து தேக்கம் காலாவதியாகும் நொடியில் ஏற்கெனவே லாக்இன் ஆன ஒருவன் முதலில் வந்தால், "வணக்கம்" என்று அவன் பெயரோடு உள்ள பக்கமே எல்லோருக்கும் போகும். அந்தச் சுற்றில் குக்கீ போகாது, பெயர் மட்டும். ரெஃப்ரெஷ் செய்தாலும் மாறாது. ஃபோன் பையனுக்கு வந்தது இந்த வகையா அந்த வகையா என்று தெரிய வேண்டும். அவன் பில் பக்கத்தைத் திறந்தானா?

லாக்இன் ஆகும் இடத்தில், செஷன் எண்ணைப் புதிதாக மாற்றும் செஷன்_ரீஜெனரேட்_ஐடி அழைக்கிறீர்களா?

வராண்டா | புதன், காலை 9:10

கை நடுங்குகிறது அண்ணா. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், செஷன் கோப்புகளையும் அழித்துவிட்டேன். ரீஜெனரேட் அழைக்கவில்லை. பையனைக் கேட்டேன். திறந்திருக்கிறான். வேறொருவனின் பில், அறை எண், டெபாசிட் திருப்பித் தருவதற்காக வாங்கிய வங்கிக் கணக்கு எண் எல்லாம் தெரிந்திருக்கிறது.

கயல்87 | புதன், காலை 9:34

மூச்சு விடுங்கள். பெரிய இடங்களிலேயே நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையில் இதன் உடன்பிறப்புதான் நடந்தது. சேவையை முடக்கும் தாக்குதல் ஒன்று வந்தது, நெரிசலைத் தாங்க கேஷ் அமைப்பை மாற்றினார்கள். இரண்டாவது அலையில் போட்ட அமைப்பு, லாக்இன் செய்தவர்களின் பக்கங்களையும் தேக்கி அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டது. சுமார் 34,000 பேரின் பக்கங்கள் மற்றவர்கள் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது. பில் முகவரி, மின்னஞ்சல், வாங்கிய பொருட்கள், அட்டை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். கடையையே சிறிது நேரம் மூடித்தான் சரி செய்தார்கள். உங்கள் கதையும் அதுதான்: கூட்டம் தாங்கவில்லை, அவசரமாக கேஷ் போட்டோம்.

கடைசிபெஞ்ச் | புதன், காலை 9:41

சாட்ஜிபிடியிலும் 2023 மார்ச்சில் மற்றவர்கள் உரையாடல் தலைப்பு தெரிந்ததே, அதுவும் இதுதானே?

பழையசர்வர் | புதன், காலை 9:58

இல்லை. அது ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்போடு பேசும் நிரல் நூலகத்தில் இருந்த பிழை. ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில், இணைப்பு கலைந்துபோனதால் இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் கேஷ் என்ற சொல் வந்ததால் எல்லோரும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். ஹெடர் எப்படிப் போட்டிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

வராண்டா, இப்போது மற்ற மூன்று புகாருக்கு வருவோம். மூன்றுக்கும் வேர் அந்த "எக்ஸ்பயர்ஸ் 1எச்" வரி. படங்களுக்கு என்று நினைத்து சர்வர் தலையில் போட்டீர்கள், அது எல்லாவற்றுக்கும் இறங்கிவிட்டது. பிஎச்பி உண்மையில் ஒழுங்கான பிள்ளை. செஷன் தொடங்கியதும் தானாகவே "நோ-ஸ்டோர், நோ-கேஷ், மஸ்ட்-ரீவேலிடேட்" என்று அனுப்பும். கூடவே எக்ஸ்பயர்ஸில் 1981 நவம்பர் 19 என்று ஒரு பழைய தேதி. வேர்ட்பிரஸ் 1984 ஜனவரி 11 என்று அனுப்பும். காலாவதி ஆகிவிட்டது என்று சொல்லக் கடந்த காலத்தில் ஏதாவது ஒரு நாள் போதும். பிஎச்பி இவ்வளவும் சொன்ன பிறகு, வாசலில் நின்ற என்ஜின்எக்ஸ் அந்த கேஷ்-கன்ட்ரோலை அழித்துவிட்டு மேக்ஸ்-ஏஜ்=3600 என்று எழுதி அனுப்பிவிட்டது. ப்ரவுசர் சொன்னதைக் கேட்டது. அதைத் திட்டுவதில் நியாயமில்லை.

லாக்இன் செய்வதற்கு முன் பார்த்த முகப்பு ஒரு மணி நேரம் தேங்கியதால், லாக்இன் முடித்துத் திரும்பியதும் பழைய "உள்நுழைக" பொத்தான். பில் பக்கமும் தேங்கியதால் பேக் பட்டனில் விரிகிறது. பேக் வேண்டாம், அதே லேப் கணினியில் அடுத்தவன் லாக்இன் செய்து "என் பில்" அழுத்தினாலே போதும். முகவரி ஒன்றுதானே, ப்ரவுசருக்கு ஆள் மாறியது தெரியாது. முகவரிதான் அதன் சாவி, குக்கீ அல்ல.

நெல்லை_டெவ் | புதன், முற்பகல் 10:15

அப்படியானால் 302ம் தேங்கியிருக்குமா? 302 தேங்காது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பழையசர்வர் | புதன், முற்பகல் 10:22

சும்மா விட்டால் தேங்காது. மேக்ஸ்-ஏஜ் கொடுத்தால் தேங்கும். என்ஜின்எக்ஸின் எக்ஸ்பயர்ஸ் வரி 301, 302 பதில்களுக்கும் ஹெடர் போடும். லாக்இன் செய்யாமல் ஒருவன் பில் பக்கத்தை அழுத்தினான், "லாக்இன் போ" என்ற 302 வந்தது, அதுவும் ஒரு மணி நேரம் தேங்கியது. அப்புறம் அவன் எத்தனை முறை சரியாகக் கடவுச்சொல் அடித்தாலும் பில் முகவரி லாக்இனுக்கே திருப்பும். நீங்கள் வேறு கதவு வழியாக வந்தீர்கள், விழுந்த பள்ளம் ஒன்றுதான்.

ஒற்றைப்புள்ளி | புதன், முற்பகல் 10:50

நோ-கேஷ், நோ-ஸ்டோர் இரண்டும் ஒன்றுதானே? எதற்கு இரண்டையும் சேர்த்து அனுப்புகிறது?

கயல்87 | புதன், முற்பகல் 11:17

இந்தப் பெயரை வைத்தவர்களைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்க வேண்டும் போல இருக்கும் எனக்கு. நோ-கேஷ் என்றால் தேக்காதே என்று பொருளே கிடையாது.

மெஸ்ஸிலிருந்தே சொல்கிறேன். காலையில் வைத்த சாம்பார் மிச்சம் இருக்கிறது. நோ-கேஷ் என்றால், எடுத்து வை, ஆனால் மதியம் பரிமாறும் முன் ஒவ்வொரு தடவையும் மாஸ்டரிடம் கேள். அவர் "நல்லாத்தான் இருக்கு" என்றால் அதையே ஊற்றலாம். அந்த "நல்லாத்தான் இருக்கு" என்பதுதான் 304 பதில். மேக்ஸ்-ஏஜ் என்றால் இத்தனை மணி வரை கேட்காமலே ஊற்று. மஸ்ட்-ரீவேலிடேட் என்றால் நேரம் தாண்டிவிட்டால் மாஸ்டர் இல்லை என்று சாக்குச் சொல்லிப் பழையதை ஊற்றாதே. ப்ரைவேட் என்றால் இது அந்தப் பையனின் டிபன் பாக்ஸ், பொது அண்டாவில் கொட்டாதே. அவன் ப்ரவுசர் வைத்துக்கொள்ளலாம், நடுவில் நின்று பலருக்கும் பக்கம் கொடுக்கும் ப்ராக்ஸியும் சிடிஎன்னும் வைக்கக் கூடாது. நோ-ஸ்டோர் என்றால் மிச்சத்தைக் கொட்டிவிடு, பாத்திரத்தைக் கழுவிவிடு.

பொதுக் கணினியில் பார்க்கும் பில் பக்கத்துக்கு ப்ரைவேட் போதாது. ஏனென்றால் அங்கே ப்ரவுசரே பொது அண்டா. அதற்கு நோ-ஸ்டோர்தான்.

எதுவுமே சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று சிலர் கேட்பார்கள். அப்போது ப்ரவுசர் தானாக ஊகிக்கும். கடைசியாக மாறிய தேதி தெரிந்தால், மாறி எத்தனை நாள் ஆயிற்றோ அதில் பத்தில் ஒரு பங்கு நேரம் புதிது என்று வைத்துக்கொள்வது வழக்கம். விதி நூலிலேயே அப்படி ஓர் உதாரணம் உண்டு. பத்து நாளாக மாறாத பக்கம் என்றால் ஒரு நாள் முழுக்கக் கேட்காது. சும்மா இருப்பதும் ஒரு பதில்தான்.

கடைசிபெஞ்ச் | புதன், முற்பகல் 11:25

நான் நேற்றிரவு 9:51க்குச் சொன்னதைத்தான் இரண்டு நாளாகச் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள். நோ-ஸ்டோர்.

பழையசர்வர் | புதன், நண்பகல் 12:04

"எல்லாப் பக்கத்துக்கும்" என்றீர்கள், அதுதான் வம்பு. படம், சிஎஸ்எஸ், எழுத்துரு எல்லாவற்றுக்கும் போட்டால் அடுத்த மாதம் பில் அன்று சர்வர் மறுபடி படுக்கும், இவர் மறுபடி ஏதாவது ஒரு வலைப்பதிவைத் தேடிப் போவார். இந்த விபத்தே அங்கிருந்துதானே தொடங்கியது. அதோடு, நீங்கள் சொன்னபடி செய்திருந்தாலும் அந்தத் திருட்டுச் சாவிப் பிழை அப்படியே இருந்திருக்கும். பிஎச்பி அனுப்பிய நோ-ஸ்டோரைத்தான் "இக்னோர் ஹெடர்ஸ்" என்று சொல்லி என்ஜின்எக்ஸின் காதில் விழாமல் செய்திருந்தாரே.

கடைசிபெஞ்ச் | புதன், நண்பகல் 12:09

சரி, ஒப்புக்கொள்கிறேன். பாதி.

வராண்டா | புதன், மாலை 5:30

மாற்றியதைச் சொல்கிறேன், தவறு இருந்தால் திட்டுங்கள். எக்ஸ்பயர்ஸ் வரியைத் தலையிலிருந்து எடுத்துப் படம், சிஎஸ்எஸ், ஜேஎஸ் நீட்சிகளுக்கான லொகேஷன் பகுதிக்குள் மட்டும் போட்டேன். லாக்இன் ஆனதும் செஷன் எண்ணைப் புதுப்பிக்கிறேன், பழைய எண்ணை அழிக்கச் சொல்லி. பிஎச்பி பக்கங்களில் இப்போது நோ-ஸ்டோர் வருகிறது. கர்லில் இரண்டு முறை பார்த்தேன், செஷன் எண் வேறு வேறு.

முகப்பு மட்டும் மெதுவாகிவிட்டது. அதைத் தேக்கவே கூடாதா?

இன்னொன்று. என்னுடைய பழைய ஃபயர்பாக்ஸில் பேக் பட்டன் பிரச்சினை போய்விட்டது. குரோமில் ஒரு தடவை மட்டும் லாக்அவுட்டுக்குப் பிறகும் பேக் அழுத்தினால் பில் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததா பிரமையா என்று சொல்ல முடியவில்லை.

கயல்87 | புதன், இரவு 8:46

பிரமையாக இருக்க வேண்டியதில்லை. பேக் பட்டனுக்கு என்று தனியாக ஒரு கேஷ் இருக்கிறது, பிஎஃப்கேஷ் என்பார்கள். 2005ல் வந்த ஃபயர்பாக்ஸ் 1.5லேயே உண்டு. குரோம் கணினிப் பதிப்புக்கு 2021ல் 96ஆம் பதிப்போடுதான் வந்தது. அது ஹெடரைப் பார்த்துத் தேக்கும் சேமிப்பு அல்ல. முழுப் பக்கத்தையும், ஜாவாஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்த நிலையோடு, அப்படியே உறைய வைத்து எடுத்துத் தருவது. முன்பெல்லாம் நோ-ஸ்டோர் போட்ட பக்கத்தைக் குரோம் அதில் வைக்காது. இப்போது வரும் பதிப்புகள் நோ-ஸ்டோர் பக்கத்தையும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கின்றன, குக்கீ மாறினால் தூக்கிப் போட்டுவிடுகின்றன.

அதனால் உங்கள் லாக்அவுட் கோப்பில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. செஷன்_டெஸ்ட்ராய் மட்டும்தானே? அது சர்வரில் இருப்பதை அழிக்கும், ப்ரவுசரில் இருக்கும் குக்கீயைத் தொடாது. குக்கீ மாறவில்லை என்றால் குரோமுக்கு ஆள் போனது எப்படித் தெரியும்? குக்கீயைக் கடந்த காலத் தேதியோடு திரும்ப அனுப்பி அழியுங்கள். லாக்அவுட் பதிலில் "கிளியர்-சைட்-டேட்டா" என்ற ஹெடரை, மதிப்பாக "கேஷ்" என்ற சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து அனுப்புங்கள். உங்கள் தளத்தின் பெயரில் அந்த ப்ரவுசர் தேக்கிய அத்தனையையும் துடைக்கும். எச்டிடிபிஎஸ் இருந்தால்தான் வேலை செய்யும். மேற்கோள் குறியை விட்டுவிட்டால் ஒன்றும் நடக்காது.

பெல்ட்டோடு கயிறும் கட்ட விரும்பினால், பில் பக்கத்தில் பேஜ்ஷோ நிகழ்வைக் கேளுங்கள். அதில் பெர்சிஸ்டெட் உண்மை என்று வந்தால் பக்கம் உறைநிலையிலிருந்து எழுந்து வருகிறது. உடனே ரீலோட் செய்துவிடுங்கள்.

பழையசர்வர் | புதன், இரவு 9:30

முகப்பைத் தேக்கலாம். பெயரை அதிலிருந்து பிடுங்கினால். "வணக்கம்" என்ற மூலையை மட்டும் காலியாக விட்டு, எல்லோருக்கும் ஒன்றேயான பக்கத்தைக் கொடுங்கள். அந்தப் பக்கம் செஷனைத் தொடங்கவே கூடாது, குக்கீ வரக் கூடாது. பக்கம் வந்த பிறகு ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் "நான் யார்" என்று தனி முகவரியில் கேட்கட்டும், அதற்கு மட்டும் ப்ரைவேட், நோ-ஸ்டோர். 800 பேர் வந்தாலும் சர்வர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிதான் தயாரிக்கும். இக்னோர் ஹெடர்ஸில் செட்-குக்கீயை மறுபடி போடாதீர்கள். செட்-குக்கீ இருந்தால் தேக்காது என்பதுதான் உங்களுக்கு எச்சரிக்கை மணி.

"வேரி: குக்கீ" (குக்கீ மாறினால் தனி நகல் வை என்ற ஹெடர்) போட்டால் போதும் என்று யாராவது வந்து சொல்வார்கள். முறைப்படி சரி. ஆனால் ஆள் ஆளுக்குக் குக்கீ வேறு, பார்வையாளர் எண்ணிக்கை பார்க்கும் நிரல்கள் போடும் குக்கீயும் சேர்ந்து, எந்த இரண்டு பேருக்கும் ஒரே பக்கம் பொருந்தாது. தேக்கி என்ன பயன்?

நெல்லை_டெவ் | புதன், இரவு 9:44

நாளை முன்னால் ஒரு சிடிஎன் வைக்கலாம் என்று தோன்றினால் ஒன்றைச் சோதித்துவிட்டு வையுங்கள். பில் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, இல்லாத ஒரு சிஎஸ்எஸ் பெயரைச் சேர்த்துத் திறந்து பாருங்கள். பில் பக்கமே வந்தால் ஆபத்து. நீட்சியைப் பார்த்துத் தேக்கும் சிடிஎன், இது சிஎஸ்எஸ் என்று நம்பி பில்லைப் பொதுவில் வைக்கும். 2017ல் ஒமர் கில் என்ற ஆய்வாளர் பேபால் தளத்திலேயே இதைச் செய்து காட்டினார்.

வராண்டா | வியாழன், மாலை 6:12

சோதித்தேன், வந்தது! பில் பக்கம் அப்படியே வந்தது. இப்போது 404 கொடுக்க வைத்துவிட்டேன். மூலைப் பெயரையும் பிரித்துவிட்டேன். முகப்பு மறுபடி வேகம். குரோமில் பத்து தடவை லாக்அவுட் செய்து பேக் அடித்தேன், பத்து தடவையும் லாக்இன் பக்கம்தான்.

ஒரு சந்தேகம். ஏற்கெனவே மாணவர்கள் ஃபோனில் தேங்கிய பழைய பக்கங்களை என்ன செய்வது?

பழையசர்வர் | வியாழன், மாலை 6:40

ஒரு மணி நேரம்தானே கொடுத்திருந்தீர்கள், நேற்றே காலாவதி ஆகியிருக்கும். ஒரு வருடம் என்று கொடுத்திருந்தால் இன்றைக்கு அழ வேண்டியிருக்கும். ப்ரவுசர் கேட்கவே வராது, வராதவனிடம் எப்படிச் சொல்வது?

வார்டனிடம் சொன்னீர்களா? மெதுவாகிவிட்டது என்று அல்ல. வங்கிக் கணக்கு எண் வெளியில் தெரிந்தது என்று.

வராண்டா | வியாழன், இரவு 10:55

சொன்னேன். முதலில் "கேஷ் பிரச்சினைதானே, எஃப்5 அடித்தால் போய்விடுமே" என்றார். ஃபோன் பையனையும் கூட்டிக்கொண்டு போய்ப் படிப்படியாக விளக்கினேன். பிறகு அவரே உட்கார்ந்து அறிவிப்பு எழுதினார். அந்த நாட்களில் லாக்இன் செய்த எல்லோருக்கும் போகிறது. பில் பக்கத்தில் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் காட்டும்படி மாற்றச் சொன்னார். அது என் மூளைக்கு எட்டாமல் போனதே.

லேப் சுவரில் இருந்த நோட்டீஸைக் கிழித்தேன். லேப் உதவியாளர் எதற்குக் கிழித்தாய் என்று சண்டைக்கு வந்தார். நூலகத் தளத்துக்கும் அதே நோட்டீஸ்தானாம். அதைச் செய்து கொடுத்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசிபெஞ்ச் | வியாழன், இரவு 11:03

கர்ல் இரண்டு தடவை அடித்துப் பாருங்கள், நடுவில் ஒரு நிமிடம் விட்டு.